ஒதுங்க வேண்டியவர் யார்?

தரங்கம்பாடிக் கடற்கரையில் சென்ற மாதம் ஒருநாள் அதிகாலையில் நாம் கண்ட காட்சி சிறியதே; ஆயினும் அதைப் பற்றி எழுதாமலிருக்க நமது மனம் இடந்தரவில்லை. அலை அடங்கிய நீரில், பட்டணத்திலிருந்து வந்த நால்வர் நீண்ட பலகைகளின்மேல் நின்று துடுப்பு வலித்துக்கொண்டிருந்தனர். கரையில் அவர்களுடைய சிநேகிதர் காமிராவை நிறுத்திச் சூரியோதயத்திற்குக் காத்திருந்தார். அவ்வமயம் வயோதிகரான மீனவர் ஒருவர், இரவில் விட்ட வலையை எடுப்பதற்காகத் தமது கட்டுமரத்தில் அவ்வழியே சென்றார். "பெரியவரே! படத்தில் விழுகிறீர்கள், கொஞ்சம் ஒதுங்கிப் போங்கள்" என்று காமிராக்காரர் கூவினார். பெரியவர் மறுவார்த்தை பேசவில்லை. கரைக்குத் திரும்பி மணலில் உட்கார்ந்துவிட்டார். அருகில் சென்று விசாரித்தோம். "அவங்க போனதும் எடுத்துக்கிறேன், ஐயா. ஏலந்தான் முடிஞ்சு போயிடும்" என்றார்.

அந்த இளைஞர் துஷ்டரல்லர், மரியாதையாகவே பேசினார். தாம் ஒருவருடைய அன்றைய கூலியைப் போக்கடித்தோம் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. தெரியாமலிருப்பதுதான் நமது புகார்.

பலகைமேல் நின்று துடுப்பு வலிக்கும் இவ்விளையாட்டு நமது தேசத்தில் வேகமாகப் பரவிவருகிறது. 2024 ஆம் ஆண்டு மங்களூரை அடுத்த சசிஹித்லு கடற்கரையில் சர்வதேசப் போட்டியே நடந்தேறியது. இதை நாம் வரவேற்கிறோம். தேகத்திற்கு உறுதியும் நெஞ்சுக்குத் துணிவும் தரும் பயிற்சியை யார் வேண்டாமென்பார்? ஆனால் இதைப் புதுமை என்று கருதுவோர் ஒரு விஷயத்தை யோசிக்கவேண்டும். மரங்களைக் கயிற்றால் பிணைத்து, அவற்றின்மேல் நின்றும் முழந்தாளிட்டும் துடுப்பு வலித்துக் கடலேறும் வித்தை சோழமண்டலக் கரையின் பழஞ்சொத்து. 1697 இல் வெளியான தமது யாத்திரை நூலில் வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கிலேய மாலுமி இக்கரையின் கட்டுமரத்தை வர்ணித்திருக்கிறார். கட்டுமரம் என்ற நமது சொல்லையே ஆங்கிலேயர் தம் பாஷையில் சேர்த்துக்கொண்டு, இன்று இரட்டை உடல் கொண்ட உல்லாசப் படகுக்குப் பெயராக வைத்திருக்கின்றனர். சொல்லைத் தந்தவர் சந்ததியை நாம் படத்திலிருந்து ஒதுங்கச் சொல்லுகிறோம்!

இவ்விளையாட்டின் இக்காலத்து வடிவம் பிறந்த கதையும் கவனிக்கத்தக்கது. ஹவாய்த் தீவுகளில் வைகீகி என்ற கடற்கரையில், சென்ற நூற்றாண்டின் நடுவில், அலைச்சறுக்குக் கற்பித்த உள்ளூர் வாலிபர் சிலர், கழுத்தில் காமிராவை மாட்டிக்கொண்டு, பலகைமேல் நின்று துடுப்பு வலித்தவாறே பிரயாணிகளைப் படமெடுத்தனர் என்று அதன் சரித்திரத்தைக் கூறுவோர் சொல்லுகின்றனர். அங்கே காமிரா கரைக்குரியவன் கையில் இருந்தது. வந்தவர் படத்தில் இருந்தார். இங்கேயோ படமும் வந்தவருடையது, காமிராவும் வந்தவருடையது. கரைக்குரியவர் மணலில் காத்திருக்கிறார்.

1858 இல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ உத்தியோகஸ்தர் சென்னை சர்க்காருக்காகத் தஞ்சாவூரையும் திருவையாற்றையும் படமெடுத்தார். மெழுகிட்ட காகிதத்தில் படம் பதிய நேரம் பிடித்த காலம் அது. அசைந்த மனிதன் அதில் நிலைக்கமாட்டான். அது யந்திரத்தின் குறை. இன்று ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் துடுப்பிலிருந்து சொட்டும் நீர்த்துளியையும் பிடித்துவிடலாம். இன்னும் மீனவன் படத்திலில்லை என்றால், அது யாருடைய குறை?

கடலுக்கு மட்டும் இது பொருந்துவதன்று. மேட்டூரில் நீர் திறந்து, கல்லணையைக் கடந்து, வாய்க்கால்களில் பாய்ந்ததும், சேற்றில் குனிந்து நாற்று நடும் பெண்களைத் தேடிக் காமிராக்கள் வருகின்றன. அப்படங்கள் நாட்காட்டியில் தொங்குகின்றன. அந்தப் பெண்களில் ஒருவருடைய பெயரையேனும் எந்த நாட்காட்டியிலாவது நேயர்கள் கண்டதுண்டா? பலகைமேல் நிற்பவருக்குப் பெயருண்டு. சேற்றில் நிற்பவருக்கு 'டெல்டாக் காட்சி' என்ற தலைப்பே போதும் போலும்!

பொதுவிடத்தில் படமெடுப்பதைச் சட்டம் பொதுவாகத் தடுப்பதில்லை என்று சிலர் வாதிக்கலாம். சட்டம் படித்த நாமும் அதை ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் 2011, 2019 ஆம் ஆண்டுகளின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள், மீனவரின் ஜீவனோபாயத்தைப் பாதுகாப்பதைத் தம் நோக்கங்களில் ஒன்றாகக் கூறுகின்றன. கரை பொது என்றால், அது முதலில் அங்கே பிழைப்பவருக்கும் பொது. உல்லாசம் காத்திருக்கலாம், ஏலம் காத்திராது.

ஆகவே நாம் கோருவன சிலவே. வலை எடுக்கும் வேளையில் விளையாட்டும் படமும் விலகி நிற்கட்டும். உழைப்பவரைப் படமெடுக்குமுன் அனுமதி கேட்கட்டும். அவர் இசைந்தால் பெயரையும் ஊரையும் படத்தின் கீழ் எழுதட்டும். ஒரு பிரதியை அவர் கையில் கொடுக்கட்டும். படத்தை விற்றால் அவருக்கும் பங்கு உண்டு என்பதை மறவாதிருக்கட்டும். கோடியக்கரை, முத்துப்பேட்டை நீர்நிலைகள் 2002 முதல் ராம்சர் உடன்படிக்கையின் பாதுகாப்பில் உள்ளவை. இரை தேடும் பறவைக் கூட்டத்தைப் படத்திற்காகக் கிளப்பிவிடுவது வீரமன்று. வெள்ளம் வரும் நாளில் கொள்ளிடத்தில் பலகையோடு இறங்குவதும் வீரமன்று. மிதவைச் சட்டையில்லாமல் எந்நாளும் இறங்கலாகாது.

இவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. சென்னையை அடுத்த கோவளத்தில், மீனவ குலத்தில் பிறந்த மூர்த்தி மேகவன் அலைச்சறுக்குப் பள்ளி நிறுவினார். அவ்வூரிலிருந்து சேகர் பச்சை போன்றோர் துடுப்புப் பலகையில் தேசிய வீரராயினர். கோவளத்தில் ஆனது நாகப்பட்டினத்திலும் தரங்கம்பாடியிலும் பூம்புகாரிலும் ஏன் ஆகாது? 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இக்கரையை வாரிச் சென்றபோது உலகத்துக் காமிராக்களெல்லாம் இங்கே வந்தன. மீனவர் அழுதபோது அவரைப் படத்திலிருந்து ஒதுங்கும்படி எவரும் சொல்லவில்லை. அவர் தொழில் செய்யும் போதும் அவ்வாறே இருக்கவேண்டாமா?

சர்க்காரின் சுற்றுலா இலாகா, துடுப்புப் பலகைக்கு அனுமதி வழங்கும் ஒவ்வொரு கரையிலும், அவ்வூர் மீனவப் பிள்ளைகளுக்குப் பலகையும் காமிராவும் பயிற்சியும் கிடைக்கும்படி நிபந்தனை விதிக்கவேண்டும். நமது ஊழியர்கள் கிராமப் பஞ்சாயத்துகளில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர முன்வரவேண்டும். அந்தப் பெரியவரின் பேரன் எடுக்கும் படத்தில், கட்டுமரமும் பலகையும் ஒரே நீரில் நிற்பதைக் காண நாம் விரும்புகிறோம்.