விளையாட்டு நேரத்தைப் பறிக்கலாமா?

பள்ளிக்கூடத்தின் பாட அட்டவணையில் "விளையாட்டு" என்று ஒரு நேரம் உண்டு. ஆனால் பல பள்ளிகளில் அந்த நேரத்தில் பிள்ளைகள் மைதானத்தில் இருப்பதில்லை. வகுப்பில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள். பொதுத் தேர்வு எழுதும் வகுப்பு என்றால் கேட்கவே வேண்டாம்!

நாமக்கல், ராசிபுரம் பக்கம் மதிப்பெண்ணுக்குப் பேர் போனது. பிள்ளைகளை அங்கே சேர்க்க வெளியூர்ப் பெற்றோரும் வருகிறார்கள். மதிப்பெண் வேண்டியதுதான். அதற்காக விளையாட்டைப் பறிக்க வேண்டுமா?

ஆசிரியர் கண்ட திறமை

சேலம் மாவட்டத்தில் பெரியவடகம்பட்டி என்று ஒரு கிராமம். 1995-ல் அங்கே பிறந்தவர் மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில், பள்ளிக்கூடம் போகும் வழியில், பஸ் மோதி அவரது வலது கால் நசுங்கியது. தாய் சரோஜா செங்கல் சுமந்தார், காய்கறி விற்றார், பிள்ளையை ஆளாக்கினார்.

"இவனுக்கு எதற்கு விளையாட்டு?" என்று பள்ளிக்கூடம் ஒதுக்கியிருந்தால், கதை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் உடற்கல்வி ஆசிரியர் அவரது திறமையைக் கண்டுகொண்டார், ஊக்கம் கொடுத்தார். 14 வயதில், கால் ஊனம் இல்லாத பிள்ளைகளோடு உயரம் தாண்டி, இரண்டாவது இடம் பிடித்தார் மாரியப்பன்.

2016-ல் ரியோ நகரில் மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக் போட்டி நடந்தது. அதில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார்! 2021-ல் டோக்கியோவில் வெள்ளி. 2024-ல் பாரிஸில் வெண்கலம்.

ஊரார் கொடுத்த கை

அதே மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் பிறந்தவர் கிரிக்கெட் வீரர் நடராஜன். தாய் சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை நடத்தினார். நடராஜன் டென்னிஸ் பந்தில் விளையாடிப் பழகியவர். அதே ஊரைச் சேர்ந்த ஜெயப்பிரகாஷ் அவருக்குத் துணை நின்று, மேலே வர வழி காட்டினார்.

2020-ல் இந்திய அணியினருக்குப் பயிற்சிப் பந்து வீசவே நடராஜன் ஆஸ்திரேலியா சென்றார். அந்த ஒரே பயணத்தில் ஒரு நாள், 20 ஓவர், டெஸ்ட் ஆகிய மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காகக் களம் இறங்கிவிட்டார்! பிறகு ஊர் இளைஞர்களுக்காக ஒரு மைதானம் அமைத்தார். 2023-ல் அது திறக்கப்பட்டது. ஊர் கொடுத்ததை அவர் ஊருக்கே திருப்பிக் கொடுத்தார்.

எல்லாருக்கும் பதக்கமா?

"விளையாடுகிற பிள்ளை எல்லாம் மாரியப்பன் ஆகிவிடுமா?" என்று கேட்கலாம். ஆகாது. ஆக வேண்டியதும் இல்லை. கபடி ஆடுகிற பிள்ளைக்கு உடம்பு உறுதிப்படும். நாலு பேரோடு சேர்ந்து நடக்கத் தெரியும். தோற்றால் துவண்டு போகாமல், மறுநாளும் களத்துக்கு வரத் தெரியும். பரீட்சையில் ஒரு மதிப்பெண் குறைந்தாலே இடிந்து போகும் பிள்ளைகளுக்கு, இந்தப் பாடம் அவசியம் அல்லவா?

பெரியவர்கள் கடமை

2024-ல் தமிழக அரசு கிராம ஊராட்சிகளுக்கு விளையாட்டுப் பொருள்கள் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் பந்தும் மட்டையும் பூட்டிய அறையில் கிடந்தால் யாருக்குப் பயன்? ஊர்ப் பெரியவர்கள் அவற்றை வெளியே எடுத்து, மாலை நேரத்தில் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும். ஊர்த் திடலில் குப்பை சேராமலும், ஆக்கிரமிப்பு வராமலும் காக்க வேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரும் இருக்கிறார்கள். "மதிப்பெண் எவ்வளவு?" என்று கேட்கும் வாயால், "இந்த வாரம் விளையாட்டு நேரம் நடந்ததா?" என்றும் அவர்கள் கேட்கட்டும். வயதுக்கு வந்ததும் பெண் பிள்ளையை மைதானத்திலிருந்து வீட்டுக்குள் இழுக்கும் வழக்கமும் ஒழியட்டும்.

மாரியப்பனுக்கு ஓர் ஆசிரியர் கிடைத்தார். நடராஜனுக்கு ஓர் ஊர்க்காரர் கிடைத்தார். இன்று வகுப்பில் ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்துக் கொண்டிருக்கும் பிள்ளைக்கு யார் கிடைக்கப் போகிறார்கள்? பெற்றோரும் ஆசிரியரும் பதில் சொல்லட்டும்!