‘கருக்கு’ மோட்டிவேஷன் கதையா? போராட்டத் தன்வரலாறுகளை எப்படி வாசிப்பது?

காலை நேரத்தில் ஆமத்தூர் பஸ் ஸ்டாப்பில் நின்றால் இரண்டு விதமான வண்டிகளைப் பார்க்கலாம். ஒன்று, காலேஜுக்கும் ஆபீஸுக்கும் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு விருதுநகர் பக்கம் போகும் பஸ். இன்னொன்று, சிவகாசி வட்டாரத்துப் பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளுக்கு ஆள் ஏற்றும் வேன். அம்மா வேனிலும் மகள் பஸ்ஸிலும் ஏறும் வீடுகள் இந்தப் பகுதியில் நிறைய உண்டு.

பஸ்ஸில் உட்கார்ந்த மகளின் போனில் ஒரு ரீல்ஸ் ஓடும். ‘இந்த 5 புத்தகம் படிச்சா உங்க வாழ்க்கையே மாறிடும்’ என்று யாராவது சொல்வார்கள். அமெரிக்காவின் டாரா வெஸ்ட்ஓவர், தென்னாப்பிரிக்காவின் ட்ரெவர் நோவா எனப் பெயர்கள் வரும். எல்லாமே கஷ்டப்பட்டு மேலே வந்தவர்களின் தன்வரலாறுகள். நல்ல புத்தகங்கள்தான். ஆனால், அவற்றை ‘விழுந்தார், எழுந்தார், ஜெயித்தார்’ என்ற ஒரே ஃபார்முலாவில் அடைப்பதில்தான் சிக்கல்.

அந்தச் சிக்கல் என்ன என்பதைப் புரிந்துகொள்ள வெளிநாடு போக வேண்டாம். இதே விருதுநகர் மாவட்டத்தில், வத்திராயிருப்பு அருகே உள்ள புதுப்பட்டியிலிருந்து வந்த ஒரு புத்தகம் போதும்.

எந்தப் புத்தகம்?

எழுத்தாளர் பாமாவின் ‘கருக்கு’. 1992-ல் வெளியானது. தமிழின் முக்கியமான முதல் தலித் தன்வரலாறாக இது பேசப்படுகிறது. பனைமட்டையின் இரண்டு பக்கமும் ரம்பம் போல இருக்கும் கூர்மைக்குத்தான் கருக்கு என்று பெயர். மேடைத் தமிழை ஒதுக்கிவிட்டு, தன் ஊர்ப் பேச்சிலேயே பாமா இதை எழுதினார். லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பிறகு, இந்தியாவைத் தாண்டியும் பல பல்கலைக்கழகங்களில் வாசிக்கப்பட்டது.

பாடப்புத்தகம் எங்கே நிறுத்தியது?

சிபிஎஸ்இ-யில் பிளஸ் டூ படித்தவர்களுக்கு இந்தப் புத்தகத்தின் ஒரு துண்டு ஞாபகம் இருக்கலாம். என்சிஇஆர்டி-யின் 12-ம் வகுப்பு ஆங்கில நூலான ‘விஸ்டாஸ்’-ல் அது இடம்பெற்றது. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, ஊர்ப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்கிறாள். அவளுக்குச் சிரிப்பு வருகிறது. வீட்டுக்குப் போய்ச் சொன்னதும், அது சாதித் தீட்டு என்று அண்ணன் விளக்குகிறார். நன்றாகப் படித்தால் மரியாதை தேடி வரும் என்கிறார். அவள் வெறியோடு படித்து வகுப்பில் முதலிடம் வாங்குகிறாள். பலரும் நட்பாகிறார்கள். பாடம் அதோடு முடிகிறது.

இந்தத் துண்டை மட்டும் படித்தால் ‘செம்ம இன்ஸ்பிரேஷன்’ என்றுதான் தோன்றும். படிப்பு வந்தது, அவமானம் போனது, அவ்வளவுதான் கதை.

புத்தகம் என்ன சொல்கிறது?

முழுப் புத்தகத்தில் படிப்பு வருகிறது. அவமானம் போகவில்லை. பள்ளியில் செய்யாத திருட்டுக்கான பழி அவர்மேல் விழுகிறது. கல்லூரிக்குப் போன பிறகும் வறுமை கூடவே வருகிறது. ஆசிரியராகிறார். ஏழைக் குழந்தைகளுக்கு உழைக்கலாம் என்று நம்பிக் கன்னியாஸ்திரி மடத்தில் சேர்கிறார். அங்கேயும் சாதி இருக்கிறது. வசதியானவர்களின் பிள்ளைகளுக்கே மடத்தின் கவனம் போவதைப் பார்க்கிறார். கடைசியில், கையில் வேலையோ சேமிப்போ இல்லாமல் வெளியே வருகிறார். அந்த நிலையில்தான் இந்தப் புத்தகத்தையே எழுதினார்.

அதாவது, மேடையேறிக் கோப்பை வாங்கிய பிறகு சொன்ன கதை இல்லை இது. எழுதியவருக்கே அடுத்து என்ன என்று தெரியாத நேரத்தில் எழுதிய கதை.

எழுதியதற்கும் ஒரு விலை இருந்தது. ஊரைத் தப்பாகக் காட்டிவிட்டார் என்று சொந்த ஊர் மக்களே முதலில் கோபப்பட்டார்கள். பல மாதங்கள் அவரால் ஊருக்குள் போக முடியவில்லை. பிறகுதான் அது தங்கள் கதை என்று அங்குள்ள இளைஞர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

இன்ஸ்பிரேஷன் எடுத்துக்கொள்வது தப்பா?

தப்பே இல்லை. வீட்டில் முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கும் ஒரு பெண்ணுக்கு, தனக்கு முன்னால் ஒருத்தி இதே வழியில் நடந்திருக்கிறாள் என்பது பெரிய தெம்பு. ஆனால், மன உறுதியை மட்டும் கொண்டாடினால் ஒரு கேள்வி காணாமல் போகிறது. அந்த உறுதி தேவைப்படும் நிலைமையை உண்டாக்கியது யார்?

பாமாவின் அடுத்த நூலான ‘சங்கதி’ 1994-ல் வந்தது. அதில் மைக்கண்ணி என்ற சிறுமி, வீட்டைக் காப்பாற்றத் தீப்பெட்டி ஆலைக்கு வேலைக்குப் போகிறாள். அவளைத் தைரியசாலி என்று பாராட்டுவது சுலபம். ஆனால், சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996 டிசம்பரில் தீர்ப்பு சொன்ன உச்ச நீதிமன்றம், குழந்தைகள் தைரியமானவர்களா என்று பார்க்கவில்லை. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குக் கட்ட வேண்டும் என்றது. மைக்கண்ணிகள் பள்ளிக்கூடம் போக அவர்களின் மன உறுதி மட்டும் போதாது. சட்டமும் அதைக் கேட்டு வாங்கும் ஆட்களும் வேண்டும்.

அப்படியானால் எப்படி வாசிப்பது?

அடுத்த முறை ஒரு போராட்டத் தன்வரலாற்றைக் கையில் எடுக்கும்போது மூன்று கேள்விகளை வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று, இவர் தாண்டி வந்த தடை இன்னும் அங்கேயே இருக்கிறதா? இரண்டு, இவருடன் கிளம்பி, தாண்ட முடியாமல் போனவர்கள் யார்? மூன்று, இதை எழுதியதற்கு இவர் என்ன விலை கொடுத்தார்?

இந்தக் கேள்விகளோடு படித்தால் புத்தகத்தின் மதிப்பு குறையாது. அதில் இருக்கும் ஊர் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

பட்டாசு ஆலை விபத்துச் செய்திகளில் பெரும்பாலும் எண்ணிக்கைதான் தலைப்பில் இருக்கும். 2012 செப்டம்பர் 5-ல் சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஆட்கள் காலையில் என்ன பேசிக்கொண்டு போனார்கள், கூலியில் யாருடைய ஃபீஸ் கட்டினார்கள் என்பதைச் செய்தி சொல்லாது. ஒரு தன்வரலாறு சொல்லும்.

ஆமத்தூர் வேனில் போகும் அம்மாவைப் பற்றி, மகளிர் தினத்தன்று ‘என் அம்மா ஒரு சிங்கப்பெண்’ என்று ஸ்டேட்டஸ் வைப்பது எளிது. அன்றைக்கு ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து, ‘நீ எத்தனை வயசுல முதல்ல வேலைக்குப் போன? உன் படிப்பை யாரும்மா நிறுத்துனது?’ என்று கேட்டுப் பார்க்கலாம். பதில் வர நேரமாகலாம். வந்தால், அதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைப்பது நல்லது.