யார் கட்டிய பள்ளிக்கூடம்?

அமெரிக்காவின் தென் மாநிலங்களில், கிராமப்புறங்களில், பழைய பலகைப் பள்ளிக்கூடங்கள் சில இன்றும் நிற்கின்றன. பலவற்றில் ஓர் அறை, அல்லது இரண்டு மூன்று அறைகள். மின்சாரம் எட்டாத ஊர்களில் பகல் வெளிச்சமே விளக்கு என்பதால் ஜன்னல்களைப் பெரிதாக வைத்துக் கட்டினார்கள். இவற்றுக்கு ‘ரோசன்வால்ட் பள்ளிகள்’ என்று பெயர்.

யார் இந்த ரோசன்வால்ட்? சியர்ஸ் ரோபக் என்ற பெரும் வணிகக் கம்பெனியின் தலைவராக இருந்த கோடீஸ்வரர். கறுப்பின ஏழைகளுக்கு ஒரு தர்மப் பிரபு பள்ளி கட்டிக் கொடுத்தார் என்றே கதை சொல்லப்படுகிறது. அவர் கொடுத்ததை நாம் மறுக்கவில்லை. ஆனால் கணக்கு என்ன சொல்கிறது?

அடிமையாய்ப் பிறந்து கல்வியாளராய் உயர்ந்த புக்கர் வாஷிங்டனின் முயற்சியால் 1912-ல் தொடங்கிய வேலை இது. 1932-க்குள் 15 மாநிலங்களில் ஏறக்குறைய 5,000 பள்ளிகள் எழுந்தன. ரோசன்வால்ட் நிதி தந்தது சுமார் 43 லட்சம் டாலர். கறுப்பின மக்கள் தந்ததோ சுமார் 47 லட்சம் டாலர்! மீதியில் பெரும்பகுதி அரசாங்க வரிப்பணம். அந்த வரியையும் அவர்கள் செலுத்தினார்கள். வெள்ளைக் குழந்தைகளின் பள்ளிகளுக்குப் பல மடங்கு அள்ளிக் கொடுத்த ஆட்சியாளர்கள், இவர்களிடம் மட்டும் ஒரே பள்ளிக்கு இரண்டு முறை வசூலித்தார்கள்.

கையில் காசில்லாத வாரக்குடிகள் எப்படிக் கொடுத்தார்கள்? சில ஊர்களில் ஒரு துண்டு நிலத்தை ஒதுக்கி, அதில் விளைந்த பருத்தியைப் பள்ளிக்கென்றே விற்றார்கள். நிலம் கொடுத்தார்கள், மரம் கொடுத்தார்கள், கூலியில்லாமல் உழைத்தார்கள். கட்டி முடித்ததும் பள்ளியை அரசாங்கக் கல்வி அதிகாரிகளின் பேரில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை.

நிறவாரியாகப் பள்ளிகளைப் பிரிப்பது செல்லாது என்று 1954-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நியாயமான தீர்ப்பு. அதன்பின் வந்த ஆண்டுகளில் இந்தப் பள்ளிகள் மூடப்பட்டன. பல பாழடைந்தன; சில வைக்கோல் கொட்டகைகளாயின. தாங்கள் கட்டிய பள்ளியையே விலை கொடுத்து வாங்கும் நிலையும் சில ஊர் மக்களுக்கு வந்தது! 2002-ல் அழியும் ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலில் இவை சேர்க்கப்பட்டன. இன்று மிஞ்சியிருப்பது பத்தில் ஒரு பங்குதான்.

“பிரிவினையின் சின்னத்தை ஏன் காக்க வேண்டும்?” என்று கேட்பவர்கள் உண்டு. பிரிவினைச் சட்டம் ஆட்சியாளர்கள் செய்தது. பள்ளி உழைப்பாளிகள் எழுப்பியது. கட்டடம் விழுந்தால், அந்த அநீதிக்கும் இந்தச் சாதனைக்கும் உள்ள சாட்சி ஒருசேர அழியும். அதனால் யாருக்கு லாபம்?

ஆகவே பொதுப்பணத்தில் அவற்றைச் செப்பனிட வேண்டும் என்கிறோம். கோடீஸ்வரரின் பெயர் இருக்கட்டும். அதன் பக்கத்தில், பருத்தி விற்றுக் காசு கொடுத்த ஊர் மக்களின் பெயர்களும் பொறிக்கப்பட வேண்டும். பருத்தி எடுக்கும் தோழர்களே, அதை நூலாக்கும் தோழர்களே! இந்தக் கோரிக்கையின் நியாயத்தை உங்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.