தேத்தண்ணிக் கடை வாங்கிலில் ஆர் இருக்கிறது?

எங்கட கூட்டங்களுக்கு நிகழ்ச்சி நிரல் எண்டு ஒண்டு இருக்கும். படம் திரையிடுவம், வாசிச்ச புத்தகத்தைப் பற்றிக் கதைப்பம், அடுத்த மாதம் என்ன செய்யிறது எண்டு திட்டம் போடுவம். ஆறு மணிக்கு மண்டபத்தின்ர திறப்பைக் குடுத்திட்டு வெளிக்கிட்டால் உண்மையான கூட்டம் அதுக்குப் பிறகுதான் தொடங்கும், முடக்கில இருக்கிற தேத்தண்ணிக் கடையில. ஆளுக்கொரு பிளேன்ரீ, நடுவில ஒரு தட்டு வாய்ப்பன். மண்டபத்தில வாயே திறக்காதவன் அங்க வந்துதான் படத்தைப் பற்றி உருப்படியா நாலு கதை சொல்லுவான்.

சில மாதங்களுக்கு முதல் எங்களோட இருக்கிற ஒரு தோழி கேட்டாள்: "அடுத்த முறை வேற படம் எண்டு எப்ப முடிவெடுத்தனீங்கள்? நான் எல்லாக் கூட்டத்துக்கும் வந்தனான்தானே."

பதில் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரேல்ல. முடிவெடுத்தது தேத்தண்ணிக் கடையில. அந்த நேரம் எங்கட குழுவில இருக்கிற பெண்கள் ஸ்கூட்டியில வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்திருப்பினம். எட்டுப் பேரில் மூண்டு பேர் பெண்கள். அவர்கள் அந்த வாங்கிலில் ஒருநாளும் இருந்ததில்லை. மற்ற ஐந்து பேரும் ஒருநாளும் கூப்பிட்டதுமில்லை. இந்தக் கட்டுரையை எட்டுப் பேரும் சேர்ந்திருந்துதான் எழுதுறம். சில வரிகளுக்குச் சண்டையும் பிடிச்சிருக்கிறம்.

ஒண்டை முதலே சொல்லிவிட வேணும். நாங்கள் தேத்தண்ணிக்கு எதிரான ஆக்கள் இல்லை. எங்களைப் போல கையில காசு குறைஞ்ச இளம் ஆக்களுக்கு இதைவிட நல்ல பழக்கம் கிடைக்காது எண்டுதான் நினைக்கிறம். கொதிச்ச தண்ணியில போடுற சாமான், அதால வயித்துக்குப் பயமில்லை. பாலும் சீனியும் இல்லாத பிளேன்ரீயில கலோரி எண்டு சொல்ல ஒண்டும் இல்லை. கஃபீன் இருக்கு, ஆனால் ஒரு கோப்பை கோப்பியில இருக்கிறதில பாதியளவுதான். நித்திரைத் தூக்கம் கலையும், நெஞ்சு படபடக்காது. இஞ்சி தட்டிப் போட்டால் தடிமனுக்கும் சுகமாயிருக்கும். மருந்து எண்டு சொல்ல மாட்டம். வாட்ஸ்அப்பில வாற "தேநீர் குடித்தால் பத்து நோய்கள் ஓடும்" வகைச் செய்திகளை எங்கட மாமிமாருக்கே விட்டுவிடுறம்.

பிரச்சினை சீனியில இருக்கு. 2016 இல் இருந்து போத்தில் குளிர்பானங்களில சீனி எவ்வளவு எண்டு காட்ட சிவப்பு, மஞ்சள், பச்சை எண்டு நிற அடையாளம் போட வேணும். அதைப் பார்த்து "ஐயோ சிவப்பு" எண்டு போத்திலைத் திருப்பி வைக்கிற நாங்கள், தேத்தண்ணிக் கடையில மூண்டு கரண்டி சீனி போட்ட பால் தேத்தண்ணியை ஒரு நாளைக்கு நாலு தரம் குடிக்கிறம். பன்னிரண்டு கரண்டி. வளர்ந்த ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லுற மேல்வரம்பே ஏறக்குறைய அவ்வளவுதான். அதில பாதியோட நிப்பாட்டினால் இன்னும் நல்லது எண்டும் சொல்லுது. மத்தியானம் குடிச்ச பழச்சாறும் பின்னேரம் சாப்பிட்ட கேக்கும் இந்தக் கணக்கில வரேல்ல. கடைக் கிளாசுக்கு நிற அடையாளமும் இல்லை.

இதுக்கு மருந்து எங்கட ஊரிலயே இருந்தது. அம்மம்மா ஆக்கள் சீனி போட்டுக் கலக்க மாட்டினம். வெறும் தேத்தண்ணியை ஊத்தி வைச்சுக்கொண்டு, குட்டானில இருந்து பனங்கட்டியை ஒரு துண்டு உடைச்சு உள்ளங்கையில வைச்சுக் கடிச்சுக் கடிச்சுக் குடிப்பினம். சண்டைக் காலத்தில சீனி தட்டுப்பாடான நாட்களில ஊர் முழுக்க அப்பிடித்தான் குடிச்சது எண்டு அம்மா சொல்லுவா. பனங்கட்டியும் இனிப்புத்தான், அதை மறைக்கேல்ல. ஆனால் கையில இருக்கிற துண்டு முடிஞ்சால் முடிஞ்சுது. எவ்வளவு உள்ள போகுது எண்டு கண்ணுக்குத் தெரியும். 2022 மார்ச்சில பால்மா விலை ஏறி ஒரு பால் தேத்தண்ணி நூறு ரூபாயைத் தொட்ட நேரம் நாங்கள் எல்லாரும் பிளேன்ரீக்கு மாறினம். நிலைமை கொஞ்சம் தேற திரும்பவும் பாலுக்குப் போட்டம். அந்தக் கஷ்ட காலம் பழக்கின ஒரேயொரு நல்ல பழக்கத்தையும் கைவிட்டிட்டம்.

இன்னுமொண்டு, இதைப் பெண்கள் முக்கியமாக் கவனிக்க வேணும். எங்கட வீடுகளில இடியப்பமும் சம்பலும் சாப்பிட்ட கையோட தேத்தண்ணி வரும். தேயிலையில இருக்கிற, வாயில துவர்ப்பாத் தெரியிற பொருட்கள், கீரை பருப்பில இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுக்கிறதைக் குறைக்கும். எங்கட குழுவிலயே ரெண்டு பேர் இரத்தம் குறைவு எண்டு இரும்புக் குளிசை போட்டவை. ரெண்டு பேருமே பெண்கள், ரெண்டு பேரும் குளிசையைத் தேத்தண்ணியோடதான் விழுங்கியிருக்கினம்! சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில ஒரு மணித்தியாலம் விட்டால் போதும். பின்னேரம் தனியாக் குடிக்கிற தேத்தண்ணிதான் உடம்புக்குச் சரி. அந்தப் பின்னேரத் தேத்தண்ணி எங்க, ஆரோட எண்டதுதான் எங்கட கேள்வி.

ஏனெண்டால் இதில இருக்கிற பெரிய நன்மை கோப்பைக்குள்ள இல்லை. ஐம்பது அறுபது ரூபா குடுத்திட்டு அரை மணித்தியாலம் எழும்பாமல் இருக்கலாம். ஒருத்தரும் "என்ன வேணும்" எண்டு திரும்பத் திரும்பக் கேக்க மாட்டினம். எங்கட ஊரில இளம் ஆக்கள் சும்மா கூடியிருந்து கதைக்க வேற எந்த இடம் இருக்கு? நூலகத்தில கதைக்க ஏலாது. கோயில் வீதியில ஆர் என்ன சொல்லுவினமோ எண்டு இருக்கும். கடை வாங்கிலில மேசன் வேலைக்குப் போற அண்ணையும், வங்கியில வேலை செய்யிறவரும், ஏ.எல். எழுதிட்டு றிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பெடியனும் தோளோட தோள் முட்ட இருப்பினம். பேப்பரை ஒருத்தர் சத்தமா வாசிக்க மற்றவை சண்டை பிடிப்பினம். வேலை காலியிருக்கு எண்ட கதையும், எந்த முகவரை நம்பி வெளிநாட்டுக்குக் காசு கட்டக்கூடாது எண்ட கதையும் அங்கதான் வரும். மனம் சரியில்லாத ஒருத்தன் ஒண்டும் சொல்லாமல் அரை மணித்தியாலம் பக்கத்தில இருந்திட்டுப் போறதுக்கும் அங்க இடமிருக்கு.

இவ்வளவும் ஊரில பாதிப் பேருக்கு மட்டும்.

"ஆர் தடுத்தது? வந்து இருக்கலாம்தானே" எண்டு எங்களில ஒருத்தன் முதலில சொன்னது உண்மை. எழுதச் சொன்னவை, எழுதியாச்சு. தடுக்கிற பலகை எங்கயும் இல்லைத்தான். ஒரு பெண் தனிய உள்ள போய் இருந்தால் கதை நிண்டுபோகும், அவ்வளவுதான். எல்லாரும் கிளாசைப் பார்க்கிற மாதிரி அவளைப் பார்ப்பினம். சிகரட் புகை. கழுவ, ஒதுங்க ஒரு இடம் இல்லை. அவள் தேத்தண்ணியை ஆத்திக் குடிச்சு முடிக்கிறதுக்கு முதலே "உங்கட மகள் கடையில நிக்கிறா" எண்டு வீட்டுக்குப் போன் போயிருக்கும். அதே பெண் கூல்பாரில ஐஸ்கிறீம் குடிக்கலாம், புதுசா வந்த ஏசி போட்ட கடையில கோப்பியும் குடிக்கலாம், ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டினம். ஆனால் அங்க ஒரு கோப்பையின்ர காசுக்கு இங்க பத்துப் பேர் குடிக்கலாம். காசு இருக்கிற பெண்ணுக்கு மட்டும் வெளியில இருக்க இடம் எண்டால் அதை எப்பிடி மாற்றம் எண்டு சொல்லுறது?

"வீட்டில குடிக்கலாம்தானே" எண்டும் ஒரு கதை வரும். வீட்டில பெண்கள் எப்பிடித் தேத்தண்ணி குடிக்கினம் எண்டு ஒருக்கால் பாருங்கோ. ஆரும் வந்தால் "பிள்ளை, தேத்தண்ணி போடு" எண்டு குரல் வரும். எல்லாருக்கும் ஊத்திக் குடுத்து, கோப்பையளை எடுத்துக் கழுவி வைச்சிட்டு, கடைசியா அடியில மிஞ்சின ஆறின தேத்தண்ணியை அடுப்படியில நிண்டபடி குடிப்பினம். எங்கட வீடுகளில அம்மாமார் இருந்து குடிச்சதைப் பார்த்த ஞாபகம் எட்டுப் பேரில ரெண்டு பேருக்குத்தான் இருக்கு.

எங்களோட இருக்கிற ஒரு தோழி ஹட்டன் பக்கத்து ஆள், படிக்கிறதுக்கு யாழ்ப்பாணம் வந்தவள். இந்த வாதம் நடந்த அண்டு அவள் சொன்னது: "கொழுந்து பறிக்கிறது எங்க அம்மா. டீ போட்டுக் குடுக்கிறது உங்க அம்மா. கடையில ஒக்காந்து குடிக்கிறது மட்டும் நீங்களா?" 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில 19 ஏக்கரில தேயிலை நட்டார் எண்டு பள்ளிக்கூடத்தில பாடமாக்கினம். அந்த மலையில இண்டுவரைக்கும் கொழுந்து பறிக்கிறது பெரும்பாலும் பெண்கள் எண்டு ஒரு வரிகூடப் பாடமாக்கேல்ல. ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காக வருசக்கணக்காப் போராடி, 2021 இல்தான் அது வர்த்தமானியில வந்தது. 2024 இல் 1350 ஆச்சு. பால்மா விலை ஏறின நேரம் நாங்கள் பட்ட பாட்டைப் பெரிசா எழுதிட்டம். அவளின்ர வீட்டில பால் தேத்தண்ணி எண்டது ஆரும் விருந்தாளி வந்தால் மட்டும்தானாம். மற்ற நாளெல்லாம் சாயத்தண்ணி.

சரி, என்ன செய்தனீங்கள் எண்டு கேப்பியள். பெரிசா ஒண்டுமில்லை. கூட்டத்துக்குரிய முடிவுகளை மண்டபத்தில மட்டும்தான் எடுக்கிறது எண்டு எழுதி வைச்சிருக்கிறம். அங்கயே கேத்தில் ஒண்டு வாங்கி வைச்சிருக்கிறம், தேத்தண்ணி போடுறது முறை வைச்சு. பெடியள் போட்ட முதல் தேத்தண்ணி குடிக்க ஏலாமல் இருந்தது, அதைப் பற்றிக் கூட விவரம் வேண்டாம். சீனிப் போத்தில் வேறயா இருக்கும், வேணுமானவை போடலாம்.

அதோட நிப்பாட்டினால் வாங்கில் அப்பிடியே இருக்கும் எண்டு பெண்கள் மூண்டு பேரும் சொன்னவை. அதால ஒரு சனிக்கிழமை எட்டுப் பேருமாக் கடைக்குப் போனம். கதை நிண்டுதான் போச்சு. கடைக்கார அண்ணை பதகளிச்சு, துணியால வாங்கிலைத் துடைச்சு, "உள்ள அறையில இருங்கோ பிள்ளையள்" எண்டார். "இல்லை அண்ணை, இங்கயே இருக்கிறம்" எண்டு சொன்னம். பெடியளுக்குக் கிளாசில வந்தது, பெண்களுக்கு மட்டும் வீட்டில இருந்து எடுப்பிச்ச பூப்போட்ட கோப்பையும் சோசரும். மரியாதைக்குத்தான் செய்தவர், தெரியும். ஆனால் சோசரோட வந்தால் நீங்கள் விருந்தாளி. விருந்தாளி குடிச்சிட்டு எழும்ப வேணும்.

அடுத்த கிழமையும் போனம், அதுக்கடுத்த கிழமையும். ஒரு கிழமை பெண்கள் மூண்டு பேரும் தனியப் போனவை. ஒருத்தியின்ர வீட்டுக்குப் போன் போனது, அதுக்குப் பெரிய பேச்சும் நடந்தது, அவள் ரெண்டு கிழமை வரேல்ல. பிறகு அவளின்ர அம்மா ஒருநாள் சந்தைக்குப் போட்டு வாற வழியில கடைக்கு முன்னால சைக்கிளை நிப்பாட்டிப் பார்த்திட்டுப் போனா. உள்ள வரேல்ல. ஏசவும் இல்லை.

நாலாம் கிழமையோ ஐந்தாம் கிழமையோ சோசர் நிண்டுபோச்சு. போன சனிக்கிழமை மழை. கடையில ஆக்கள் குறைவு. அண்ணை கிளாசுகளைக் கொண்டுவந்து வைச்சிட்டு, "சீனி குறைய மூண்டு, கடிச்சது ரெண்டு, சரியோ?" எண்டு கேட்டிட்டு, பேப்பரை மடிச்சு எங்கட ஹட்டன் தோழியிட்ட நீட்டினார். "தங்கச்சி, கண்ணாடியை வீட்டில விட்டிட்டன். மலையகப் பக்கச் செய்தியை ஒருக்கா வாசியும், பாப்பம்."