ஓடும் வாரமும் ஓய்வில்லா ஞாயிறும்

லண்டன் மாநகரில் உத்தியோகம் பார்க்கும் தமிழ் அன்பர் ஒருவரிடம் கோயில் வாசலில் சுகம் விசாரித்தால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றே: "நேரமே இல்லை." முன்னாளில் இது ஒரு முறைப்பாடாக இருந்தது. இன்று அதில் சிறிது பெருமையும் கலந்திருக்கிறது. நேரமில்லாதவரே முன்னேறியவர் என்ற எண்ணம் எப்படியோ சமூகத்தில் வேரூன்றிவிட்டது. இந்த எண்ணம் உடலுக்கும் குடும்பத்துக்கும் செய்யும் கேட்டை அன்பர்கள் ஆற அமரச் சிந்திப்பது நல்லது.

அவருடைய வாரத்தைக் கணக்கெடுத்துப் பார்த்தால் அந்தப் பதில் பொய்யுமல்ல. ஈஸ்ட் ஹாமிலிருந்தோ ஹாரோவிலிருந்தோ விடியுமுன் ரயிலேறும் கணக்காளர் இருள் சூழ்ந்த பின்பே வீடு திரும்புகிறார். வைத்தியர் எம்25 பெருஞ்சாலையில் கார் வரிசையின் நடுவே ஊர்ந்து, வேறொரு மாவட்டத்து ஆஸ்பத்திரியை அடைகிறார். பொறியியலாளர் திங்கட்கிழமை காலை ஹீத்ரோவில் விமானமேறி, வெள்ளி இரவு பெட்டியை இழுத்துக்கொண்டு வருகிறார். 2020க்குப் பின் சிலருக்கு வீடே காரியாலயமாகிவிட்டது. அவர்களுக்குப் பயணக் களைப்பு இல்லை. ரயில் நிலையம் வரை நடந்த நடையும் இல்லை. தொழில் வேறு, ஊர்தி வேறு. ஆயினும் ஐந்து நாளும் இவர்கள் எல்லாரும் செய்வது ஒன்றே: உட்கார்ந்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை வந்தாலாவது உடல் நிமிருமா என்றால் அதுவும் இல்லை. காலையில் பிள்ளைகளின் தமிழ்ப் பாடசாலை, நண்பகலில் வயலின் அல்லது மிருதங்கம், பிற்பகலில் பதினொரு வயதுச் சோதனைக்கு ரியூஷன். தாயும் தகப்பனும் ஆளுக்கொரு காரில், வாடகை வண்டிச் சாரதிகளைப் போல நகரத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில். அதன் பின் ஒரு பிறந்த நாள், ஒரு பூப்புனித நீராட்டு விழா, அல்லது ஓர் அரங்கேற்றம். அழைப்பிதழில் மாலை 4 மணி என்று அச்சிட்டிருக்கும். மங்கல விளக்கு ஏற்றும்போது 6 மணி. சாப்பாட்டுப் பந்தி தொடங்கும்போது 10 மணி. மறுநாள் விடியுமுன் எழ வேண்டியவர் நள்ளிரவில் பிரியாணியோடும் வட்டிலப்பத்தோடும் படுக்கைக்குப் போகிறார்.

வாரக் கடைசி ஓய்வு என்பது இந்நாட்டவருக்கு வானத்திலிருந்து விழுந்த வரமல்ல. 1850ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் பெண்களும் இளம் பிராயத்தவரும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குப் பின் வேலை செய்யலாகாது என்று விதித்தது. 1871இல் ஜோன் லபக் என்பவரின் முயற்சியால் வங்கி விடுமுறை நாட்கள் சட்டமாயின. 1998ஆம் ஆண்டின் வேலை நேர ஒழுங்குவிதிகள் வாரத்துக்குச் சராசரி 48 மணி நேர வேலை என்ற வரம்பை வகுத்தன. வாரந்தோறும் இடையறாத 24 மணி நேர ஓய்வு, அல்லது இரு வாரங்களுக்கு 48 மணி நேர ஓய்வு, தொழிலாளியின் உரிமையாயிற்று. பயிற்சி வைத்தியர்களுக்கு மட்டும் இந்த வரம்பு படிப்படியாக வந்து, 2009இலேயே 48 மணியை எட்டியது. அதற்கு முந்திய தலைமுறையில், இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த இளம் வைத்தியர்கள் வாரத்துக்கு 80 மணி, சில வேளை 100 மணி கூடக் கடமையில் இருந்தார்கள். அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்றைய உத்தியோகத்தருக்கு வழி இருக்கிறது. ஆனால் 48 மணி வரம்பு தமக்கு வேண்டாம் என்று தம் கையாலேயே ஒப்பமிடுவோர் பலர். மிஞ்சிய ஓய்வு நாளையும் தாமே நிரப்பிக்கொள்வோர் அதனினும் பலர்.

விடுமுறையையும் வழிபாட்டையும் எவ்வாறு பிணைப்பது என்பதும் புதிய கேள்வியல்ல. இலங்கையில் 1966 முதல் 1971 வரை சனி, ஞாயிறு விடுமுறை நீக்கப்பட்டு, சந்திரனின் கலைகளுக்கேற்ப வரும் போயா நாளும், அதற்கு முந்திய நாளில் அரை நாளும் விடுமுறையாக இருந்தன. அக்காலத்தில் அங்கே உத்தியோகம் பார்த்த முதியவர்களுக்கு, விடுமுறை எந்தக் கிழமையில் வரும் என்று நாட்காட்டியைப் புரட்டிய குழப்பம் நினைவிருக்கும். லண்டனில் நிலைமை நேர்மாறு. இங்கே ஞாயிறு அசைவதில்லை. விழாக்களே அதை நோக்கி அசைகின்றன. ஈலிங் கனகதுர்க்கை அம்மன் ஆலயத் தேர் ஆகஸ்ட் மாதத்து ஞாயிறு ஒன்றில் வீதியுலா வருவது இதற்கு நல்ல உதாரணம். திங்கள் முதல் வெள்ளி வரை வேலை செய்யும் அடியார்களும் வடம் பிடிக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தால் வந்த வழக்கம் இது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் தேரும், கூட்டமும், கல்யாணமும், கலைவிழாவும் ஒரே நாளின் தலையில் ஏறினால் அந்த நாளுக்கு ஓய்வு நாள் என்ற பெயர் பொருந்துமா என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு வைத்திய சாஸ்திரத்தில் பதில் உண்டு. அதுவும் லண்டன் வீதிகளிலேயே கண்டெடுத்த பதில். ஜெரி மொரிஸ் என்ற ஆராய்ச்சியாளர் லண்டன் பஸ் ஊழியர்களை ஆராய்ந்து, 1953இல் தம் முடிவுகளை லான்செட் சஞ்சிகையில் வெளியிட்டார். சாரதி வேலை நேரம் முழுவதும் இருக்கையில் இருப்பவர். கண்டக்டரோ இரண்டு தட்டுப் பஸ்ஸில் நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் வரை ஏறி இறங்குபவர். இருவரும் ஒரே பஸ், ஒரே வீதி, ஏறக்குறைய ஒரே சமூகம். ஆயினும் கண்டக்டர்களுக்கு மாரடைப்புக் குறைவாக வந்தது. வந்தவர்க்கும் பிந்தியே வந்தது. உயிரைப் பறித்ததும் குறைவு. இன்று லண்டன் பஸ்களில் கண்டக்டர் இல்லை. பழைய ரூட்மாஸ்டர் பஸ்கள் 2005 டிசம்பரில் வழக்கமான சேவையிலிருந்து விலகியதோடு அந்த உத்தியோகமும் மறைந்தது எனலாம். படித்துப் பட்டம் பெற்று உயர்ந்த உத்தியோகத்தில் இருப்பவர்கள், உடலைப் பொறுத்தவரை, எல்லாரும் அந்தச் சாரதியின் இருக்கையிலேயே அமர்ந்திருக்கிறார்கள்.

மொரிஸ் அதோடு நிற்கவில்லை. மேசை உத்தியோகத்தர்களின் ஓய்வு நேரத்தையே அடுத்ததாக ஆராய்ந்தார். 1968க்கும் 1970க்கும் இடையில், நடுத்தர வயதைச் சேர்ந்த ஏறத்தாழ 17,000 அரசாங்க உத்தியோகத்தர்கள், ஒரு வெள்ளிக்கிழமையும் மறுநாள் சனிக்கிழமையும் தாம் செய்தவற்றை ஐந்து ஐந்து நிமிடக் கணக்காக எழுதிக் கொடுத்தார்கள். 1973இல் வெளியான முடிவு தெளிவானது. ஓய்வு நேரத்தில் மூச்சு வாங்கும்படி உடலை உழைக்க வைத்தவர்களுக்கு மாரடைப்பு ஏற்படும் வாய்ப்பு, மற்றவர்களுக்கு இருந்ததில் மூன்றில் ஒரு பங்களவே இருந்தது. சும்மா உலாவியவர்களுக்கு இந்தப் பலன் கிடைக்கவில்லை. ஹாம்ப்ஸ்டெட் வெளியில் ஓடியும் நீந்தியும் தம் சொல்லைத் தாமே கடைப்பிடித்த மொரிஸ், 2009இல் தமது 99ஆம் வயதில் காலமானார்.

வாரம் முழுவதும் நேரமில்லாதவருக்கு இன்னொரு நற்செய்தி. இங்கிலாந்திலும் ஸ்கொட்லாந்திலும் 63,000க்கு மேற்பட்டவர்களைத் தொடர்ந்து அவதானித்து 2017இல் வெளியான ஆய்வொன்று உண்டு. வாரத்துக்கு 150 நிமிட மிதமான தேகாப்பியாசம், அல்லது 75 நிமிடக் கடும் அப்பியாசம், என்பது இந்நாட்டு வைத்திய ஆலோசனை. இதை ஒன்றிரண்டு நாட்களிலேயே செய்து முடித்தவர்களுக்கும், அசைவே இல்லாதவர்களோடு ஒப்பிடுகையில், மரண வாய்ப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தது. ஆகவே, சனி ஞாயிறு நடையும் வீண்போவதில்லை.

தெற்காசியர்க்கு இது இன்னும் அவசியமானது. நீரிழிவு நோய் இந்நாட்டு வெள்ளையரைவிட இவர்களிடையே இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம். இருதய நோயும் இவர்களுக்கு இளவயதிலேயே வருகிறது. மெலிந்த கை கால்களோடு வயிறு மட்டும் முன்தள்ளிய உடலமைப்பு இதில் ஒரு முக்கிய காரணம். ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரையும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் எச்சரிக்கை கொள்ள வேண்டும். 40 வயதுக்கும் 74 வயதுக்கும் இடைப்பட்டவர்களுக்கு இங்கிலாந்தில் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை இலவச உடற்பரிசோதனை உண்டு. அழைப்புக் கடிதம் வந்தும் "நேரமில்லை" என்று மேசையில் போட்டுவிடுவோர் பலர். ஐம்பது வயதில் குடும்பத் தலைவரை இழந்த வீடுகளின் மரண அறிவித்தல்களைச் சமூகம் போதுமான அளவு வாசித்துவிட்டது.

"பெரிய பொறுப்பு, பெரிய மன அழுத்தம், என்ன செய்வது?" என்று சிலர் கேட்கலாம். இந்நாட்டு அரசாங்க உத்தியோகத்தர்களிடையே 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு இதற்கும் விடை சொல்கிறது. மேலதிகாரிகளே அதிகம் மாரடைப்பால் மடிவார்கள் என்ற நம்பிக்கைக்கு மாறாக, கடைநிலைச் சேவகர்களிடையே அம்மரணம் ஏறத்தாழ மும்மடங்காக இருந்தது. தம் வேலைமீது தமக்கு அதிகாரம் இல்லாமையும் இதற்கு ஒரு காரணம் என்று பிந்திய ஆய்வுகள் காட்டின. பெற்றோல் நிலையத்தில் இரவு முழுவதும் நிற்பவருக்கும், ஏழு நாளும் கடை திறப்பவருக்கும் தம் நேரத்தைத் தாம் வகுக்கும் வசதி இல்லை. வைத்தியருக்கும் வழக்கறிஞருக்கும் கணக்காளருக்கும் அது பெருமளவு உண்டு. வசதி உள்ளவர்களே "நேரமில்லை" என்பது அந்த மற்றவர்களுக்கு முன் சொல்லக்கூடிய வார்த்தையல்ல.

நடப்பது இச்சமயத்துக்கு அந்நியமும் அல்ல. திருவண்ணாமலைக் கிரிவலம் 14 கிலோமீட்டர். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோடு பழனிக்கு நடக்கிறார்கள். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கிழக்குக் கரையோரமாக வாரக்கணக்கில் நடந்த பாதயாத்திரை அடியார்களைப் பலர் அறிவார்கள். கோயிலை நோக்கி நடந்த நடையும் வழிபாட்டில் சேர்ந்ததே என்பது பெரியோர் கொள்கை. லண்டனிலோ வழிபாட்டின் முதற் கட்டம் கார் நிறுத்த இடம் தேடுவதாக இருக்கிறது. ஹைகேட் முருகன் ஆலயம், டூட்டிங் முத்துமாரி அம்மன் ஆலயம், விம்பிள்டன் கணபதி ஆலயம் ஆகிய மூன்றையும் நோர்தேர்ன் ரயில் பாதை ஒன்றே இணைக்கிறது. இரண்டு நிலையம் முன்னதாக இறங்கி நடந்தால், பக்கத்து வீட்டாரின் வாசலை மறித்து வசவு வாங்கும் நிலையும் நீங்கும்.

ஆலயச் சங்கங்கள் இதில் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, மாதத்தில் ஒரு ஞாயிறு பூசை தவிர வேறு கூட்டமோ கலைவிழாவோ இல்லாத நாளாக இருக்கட்டும். ஆண்டு நாட்காட்டி அச்சிடும்போதே அதைக் குறித்துவிடலாம்.

இரண்டாவது, அந்த ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் விரும்பியவர்கள் சேர்ந்து விரைவாக நடக்கலாம். ஹைகேட் அடியார்களுக்கு, பழைய ரயில் பாதையையே நடைபாதையாக்கிய பார்க்லாண்ட் வோக் அருகில் இருக்கிறது. அது பின்ஸ்பரி பார்க் வரை மர நிழலில் செல்கிறது. விம்பிள்டன் அடியார்களுக்கு வாண்டில் நதிக்கரை உண்டு. ஈஸ்ட் ஹாம் முருகன் அடியார்களுக்கு வான்ஸ்டெட் பிளாட்ஸ் புல்வெளியும், ஈலிங் அடியார்களுக்கு வால்போல் பூங்காவும் லாமஸ் பூங்காவும் தொலைவில் இல்லை. இவை எதற்கும் கட்டணம் இல்லை.

மூன்றாவது, அழைப்பிதழில் போட்ட நேரத்துக்கு விழாவைத் தொடங்கி, 8 மணிக்குள் பந்தியை முடிக்க வேண்டும். நேரத்துக்கு வந்தவரைத் தண்டித்து, பிந்தி வந்தவருக்காகக் காத்திருக்கும் வழக்கம் விருந்தோம்பல் ஆகாது.

தமிழ்ப் பாடசாலையையும் சங்கீதத்தையும் விட்டுவிட முடியுமா என்ற ஆட்சேபம் எழும். விட வேண்டியதில்லை, பிள்ளைகளுக்கு மொழி கிடைப்பது அந்த ஒரு காலைப் பொழுதில்தான். ஆனால் பிள்ளை வகுப்பில் இருக்கும் இரண்டு மணி நேரம் பெற்றோர் என்ன செய்கிறார்கள்? காரில் கைத்தொலைபேசியோடு, அல்லது மண்டபத்தில் தேநீரும் ரோல்ஸுமாக, மீண்டும் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த இரண்டு மணியில் பக்கத்துப் பூங்காவை நான்கு முறை சுற்றிவிடலாம். மழையும் குளிரும் என்ற ஆட்சேபத்துக்குப் பதில், இந்நாட்டில் எல்லாரும் வாங்கும் ஒரு மழைச்சட்டை. நெஞ்சு நோவோ மூச்சு முட்டலோ உள்ளவர்கள் மட்டும் தம் வைத்தியரிடம் காட்டிய பின் தொடங்குவது முறை. ஞாயிறும் வேலை செய்யும் தாதியருக்கும் கடைக்காரருக்கும் அந்த ஓய்வு நாள் செவ்வாயாகவோ புதனாகவோ இருக்கட்டும். நாள் எதுவானாலும் உடல் கணக்கு வைத்துக்கொள்ளும்.

இதில் பிள்ளைகளின் பங்கும் பெரிது. காரின் பின்னாசனத்திலிருந்து தகப்பனின் பிடரியை மட்டும் பார்த்து வளரும் பிள்ளைக்கும், அவரோடு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டு நடக்கும் பிள்ளைக்கும் வித்தியாசம் உண்டு. ஊர்க் கதைகளும் உறவு முறைகளும் தமிழில் காதில் விழுவது அந்த நடையில்தான். வரும் மாதத்து நாட்குறிப்பைத் திறந்து ஒரு ஞாயிறை இன்றே கோடிட்டு வைத்துக்கொள்வது அன்பர்களுக்கு நலம். அந்த நாளுக்கு வேறோர் அழைப்பிதழ் வந்தால், அன்று நேரமில்லை என்று தயங்காமல் சொல்லலாம். அப்படிச் சொல்வது அன்றைக்கு உண்மையாகவும் இருக்கும்.