ரேம் விலை ஏற்றம்: மடிக்கணினி வாங்கும் தோட்டத்துக் குடும்பங்களின் கணக்கு மாறுகிறது

சுங்கை பஞ்சாங் -

முதலில் 8 ஜிபி ரேம் உள்ள மலிவான மடிக்கணினி. கையில் காசு சேர்ந்ததும் இன்னொரு 8 ஜிபி. எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன் முடித்து உயர்கல்விக்குப் போகும் பிள்ளைகளுக்கு இத்தனை காலம் சொல்லப்பட்டு வந்த சிக்கன வழி இதுதான். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக இருக்கும் நாட்டில், ஒரே தடவையில் பெரிய தொகையைப் புரட்ட முடியாத குடும்பத்துக்கு இது நல்ல வழியாகவும் இருந்தது. இப்போது அந்தக் கணக்கு இடிக்கிறது.

உலகின் ரேம் சில்லுகளில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்றே நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்குத் தேவையான எச்பிஎம் எனும் உயர்வகை நினைவகத்தில் அவற்றுக்கு லாபம் அதிகம். அதே அளவு சாதாரண நினைவகத்தைவிட எச்பிஎம் ஏறக்குறைய மூன்று மடங்கு சிலிக்கன் தகட்டை விழுங்குகிறது. அங்கே கூடினால் இங்கே குறையும். 2025 பிற்பகுதியிலிருந்து சில மாதங்களில், தனியாக வாங்கும் ரேமின் விலை உலகச் சந்தையில் இரண்டு மடங்குக்கும் மேல் போனது.

2025 டிசம்பர் 3ஆம் தேதி மைக்ரான் இன்னொரு அறிவிப்பையும் செய்தது. 29 ஆண்டுகளாக விற்று வந்த ‘குருசியல்’ ரேமை, 2026 பிப்ரவரி இறுதியோடு பொதுப் பயனீட்டாளர் சந்தையிலிருந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு உத்தரவாதம் தொடரும். மைக்ரானுக்கு மூவாரிலும் பினாங்கிலும் ஆலைகள் உண்டு. ஜொகூரிலோ தரவு மையங்கள் வரிசையாக எழும்புகின்றன. இவ்வளவும் நம் நாட்டிலேயே நடந்தும், சபாக் பெர்ணம் வட்டாரத்து மாணவனுக்கு ரேம் எட்டாக்கனியாகிறது என்பது வேடிக்கைதான்.

எனவே ‘பிறகு போட்டுக்கொள்ளலாம்’ என்பதை இனி யோசித்தே சொல்ல வேண்டும். 16 ஜிபியோடு வரும் மடிக்கணினிக்குச் சில நூறு வெள்ளி கூடுதலாகக் கேட்டாலும், தனி ரேமின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே முடிவு செய்வது நல்லது. பல நேரங்களில் முதலிலேயே கொடுப்பது மலிவாக இருக்கும்.

கடையில் முக்கியமாகக் கேட்க வேண்டியது, ரேமுக்குத் தனி இடம் இருக்கிறதா என்பதே. மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். ஆப்பிள் மேக்புக் எல்லாம் இந்த வகை. அவற்றில் பின்னால் கூட்டவே முடியாது. பெட்டியில் ‘எல்பிடிடிஆர்5’ என்றிருந்தால் பெரும்பாலும் அதே கதைதான்.

கையிலுள்ள கணினியைச் சோதிக்கக் கடைக்கு ஓட வேண்டாம். விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி பகுதியில் இரண்டு இடத்தில் ஒன்றுதான் பயன்பட்டிருக்கிறதா என்றும், ரேமின் வேகம் என்ன என்றும் தெரியும். பாடவேலை செய்யும்போதே நினைவகம் 90 விழுக்காட்டுக்கு மேல் நிற்கிறது என்றால்தான் கூடுதல் ரேம் தேவை. கணினி மந்தமாக இருப்பதற்குப் பழைய ஹார்ட் டிஸ்க் காரணமாக இருந்தால், ரேமில் போடும் காசு வீண்.

டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தா. மடிக்கணினி ரேமில் முன்னதற்கு 260 ஊசிகள், பின்னதற்கு 262. வெட்டுக்குழியும் வேறு இடத்தில் இருக்கும். ஏற்கெனவே உள்ள 8 ஜிபியோடு அதே வகையில், அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி சேர்த்தால் இரண்டும் இணையாக இயங்கும்.

பொருத்தும் வேலை கடினமில்லை. கணினியை முழுதாக அணைத்து, சார்ஜரைக் கழற்றி, மூடியைத் திறந்ததும் பேட்டரி இணைப்பையும் பிரிக்க வேண்டும். உடலிலுள்ள மின்னூட்டம் போக ஒரு உலோகப் பொருளைத் தொட்டுக்கொள்வது நல்லது. ரேமைச் சாய்வாக நுழைத்து, பக்கக் கொக்கிகள் ‘டிக்’ என்று பிடிக்கும்வரை அழுத்தினால் போதும். டிடிஆர்5 போட்டபின் முதல் தடவை திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கலாம். பயந்து உடனே அணைத்துவிடக் கூடாது. மூடியைத் திறந்தால் உத்தரவாதம் போகுமா என்பதை மட்டும் வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

விலை ஏறினால் போலிச் சரக்கும் வரும். இணையத்தில் வாங்குவோர் ரசீதைப் பத்திரப்படுத்துவது அவசியம். ஏமாற்றப்பட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டணத்தில் வழக்குப் பதியலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. வழக்கறிஞர் தேவையில்லை.

மடிக்கணினி வாங்குவோருக்கு வருமான வரியில் வாழ்க்கைமுறைச் செலவுகளுக்கான 2,500 வெள்ளி விலக்கு இருக்கிறது. ஆனால் வரி கட்டும் அளவுக்குச் சம்பளமே இல்லாத தோட்டத் தொழிலாளிக்கு அதனால் ஒரு காசும் மிச்சமில்லை. உதவித்தொகையும் கணினியும் வழங்கும் இயக்கங்கள் இந்த ஆண்டு 8 ஜிபி கணினிகளை மொத்தமாக வாங்குமுன், அவற்றில் பின்னர் ரேம் கூட்ட இடமிருக்கிறதா என்றாவது பார்த்துக்கொள்ள வேண்டும்.