அரசுக்கு மட்டும் ஏன் விலக்கு?

நம் கோலசிலாங்கூர் வட்டாரத்துச் சுங்கை செம்பிலாங்கிலும் ஜெராம், ஈஜோக் தோட்டப்புறங்களிலும் மானிய விலைப் பெட்ரோலுக்கு மைகார்டு அடையாள அட்டை தேவை என்ற நிலை 2025 செப்டம்பர் இறுதியில் புடி95 திட்டத்தோடு வந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு அறிமுகமான 100 ரிங்கிட் சாரா உதவியும் அதே அட்டை வழியாகத்தான் கடைக் கல்லாவில் கழிந்தது. மானியம் உரியவருக்கே சேர வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் இப்படிச் சேரும் விவரங்களை யார் பார்க்கலாம், எத்தனை காலம் வைத்திருக்கலாம், தவறு நடந்தால் எந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்பது? 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். அதன் 3(1) பிரிவு, மத்திய அரசுக்கும் மாநில அரசுகளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. வங்கியும் கைப்பேசி நிறுவனமும் கட்டுப்பட வேண்டும். நம்மைப் பற்றி அவற்றைவிட அதிகம் அறிந்த அரசு கட்டுப்படத் தேவையில்லை. வேடிக்கை என்னவென்றால், அரசமைப்பின் 5ஆவது விதி தரும் தனிமனித சுதந்திரத்தில் அந்தரங்க உரிமையும் அடக்கம் என்று சிவராசா ராசையா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறது.

“நான் தப்பு எதுவும் செய்யலையே, பார்த்தால் பார்க்கட்டும்” என்ற பேச்சு நம்மிடையே சாதாரணம். பிறப்புப் பத்திரம் இல்லாமல் நாடற்றவர்களாகத் தவித்த குடும்பங்களைக் கண்ட சமூகம், பதிவில் பெயர் ஏறுவதையே பாதுகாப்பாக நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் அடையாள அட்டை முதலில் வந்ததே 1948 அவசரகாலத்தில், கெரில்லாக்களை மக்களிடமிருந்து பிரித்தறிய வெள்ளையர் ஆட்சி கையாண்ட வழியாகத்தான். கண்காணிக்க வந்தது உரிமைக்குச் சான்றானது போல, உரிமைக்குச் சான்றானது கண்காணிக்கவும் திரும்பலாம். மேலும், மறைக்க ஒன்றுமில்லாதவருக்கும் இழக்க ஏதோ இருக்கிறது. கோவிட் கால மைசெஜாத்ரா செயலியில் பதிவான, தடுப்பூசி போட்டுக்கொண்ட 30 லட்சம் பேரின் விவரங்கள் 2021இல் ஓர் உயர்நிலை நிர்வாகக் கணக்கு வழியாகப் பதிவிறக்கப்பட்டதைத் தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கையே வெளிப்படுத்தியது. அவர்கள் செய்த தப்பு என்ன?

தொடர்பு, பல்லூடக ஆணையம் 2025இன் முதல் மூன்று மாதக் கைப்பேசித் தரவுகளை நிறுவனங்களிடம் கேட்டது அவ்வாண்டு ஜூனில் தெரியவந்து எதிர்ப்பு கிளம்பியபோது, பெயர் நீக்கப்பட்ட தரவுதான், சுற்றுலா, இணைய வசதித் திட்டமிடலுக்குத்தான் என்று விளக்கம் வந்தது. நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். 15 லட்சம் பேரின் நடமாட்டத்தை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வு, இடமும் நேரமும் சேர்ந்த நான்கே குறிப்புகள் 95 விழுக்காட்டினரைத் தனித்துக் காட்டப் போதும் என்றது. கோலாலம்பூர் நெரிசலில் ஒருவர் மறையலாம். சில வீடுகளே உள்ள தோட்ட லயத்தில், விடியற்காலைப் பிரட்டுக்குப் போகிறவர் எப்படி மறைவார்?

குற்றத்தைத் தடுக்க அரசுக்கு விலக்கு வேண்டாமா என்றால், வேண்டும்தான். குற்றத் தடுப்புக்கும் புலனாய்வுக்கும் வரி விதிப்புக்கும் 45ஆவது பிரிவே விலக்கு தருகிறது. ஒட்டுமொத்த விலக்குக்கு அவசியமே இல்லை. 2024இல் சட்டத்தைத் திருத்தியவர்கள் அபராதத்தை 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சமாக உயர்த்தினார்கள், கசிவு நேர்ந்தால் அறிவிக்க வேண்டும் என்றார்கள், 3(1)ஐத் தொடவில்லை. 2022இல் கோலசிலாங்கூர் நாடாளுமன்றத் தொகுதியில் வென்ற சுல்கிஃப்லி அகமட் 2023 டிசம்பரில் மீண்டும் சுகாதார அமைச்சரானவர். அந்த 30 லட்சம் பேரின் விவரங்கள் அவர் பொறுப்புக்கு வருமுன் போனவைதான் என்றாலும், 3(1) பிரிவை நீக்க வாக்களிப்பீர்களா என்று நம் வட்டார வாக்காளர் முதலில் கேட்க வேண்டியது அவரிடம்தான்.